மெட்ராஸ் விமானம் இன்னும் இறங்கவில்லை

மகள் வானத்தில் இருக்கிற நாளில் வைரவநாதனுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது.

புக்கிட் ரோத்தானைத் தாண்டி உள்ளே போனால் வருகிற செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் அவர்தான் பெரிய கிராணி, ஆபீஸ் எழுத்து வேலைக்கெல்லாம் தலைவர். ஆற்று வெள்ளம் தொழிலாளர் லயத்துக்குள் புகுந்தபோதும், வேலைத் தகராறில் ஆட்கள் ஆபீஸைச் சூழ்ந்துகொண்டபோதும் நாற்காலியை விட்டு எழும்பாத மனுஷர் என்று அவருக்குப் பேர். அந்தப் பேரெல்லாம் ஆபீஸ் வாசலோடு சரி. சரோஜினி விமானப் பணிப்பெண்ணாகச் சேர்ந்த நாளிலிருந்து, அவள் பறக்கிற தினங்களில் வீட்டில் அவரைப் பார்த்தவர்கள் இவர் அதே ஆள்தானா என்று சந்தேகப்பட்டிருப்பார்கள். வாசலுக்குப் போவார், திரும்புவார். வானொலியைப் போடுவார், அணைப்பார். செம்பனை மரங்களுக்கு மேலே எங்காவது உறுமல் கேட்டால் செருப்புக்கூடப் போடாமல் முற்றத்தில் இறங்கி அண்ணாந்து நிற்பார்.

அவர் ஒருநாளும் விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் கோலாலம்பூர் சுபாங் விமான நிலையத்திலிருந்து எந்த ஊர் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரப் பறப்பு என்பதெல்லாம் மனப்பாடம். பினாங்கு முக்கால் மணி. மெட்ராஸ் ஆயிரத்து அறுநூறு மைலுக்குக் கொஞ்சம் அதிகம், நாலு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் முழுக்கக் கடல். அந்தக் கடல்தான் அவரைத் தின்றது.

மனைவி நாகமணி இருந்தவரைக்கும் அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் பேச்சைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தவள் அவள்தான். நாகமணி இறந்த மறுவருஷம் சரோஜினி இந்த வேலைக்கு மனுப்போட்டாள். "டீச்சர் வேலைக்குப் படி, ஆகாயத்தில தொங்கிற வேலை எங்கட குடும்பத்துக்கு வேண்டாம்" என்று வைரவநாதன் ஒரு மாதம் மறுத்துப் பார்த்தார். அவள் போய்விட்டாள். பெட்டாலிங் ஜெயாவில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கினாள். இரண்டு வாரத்துக்கொருமுறை வீட்டுக்கு வருவாள், வாரத்தில் இரண்டு தடவை தொலைபேசியில் அழைப்பாள். அழைத்தால் அவருக்கு மூன்றே கேள்விகள்தான்.

"எங்க போறாய்? எத்தினை மணிக்கு வெளிக்கிடும்? எத்தினை மணித்தியாலம்?"

அவள் சொல்லுவாள். "சரி, கவனம்" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

அது எண்பத்தேழாம் வருஷம் நவம்பர், ஒரு சனிக்கிழமை. மெட்ராஸுக்குப் போய்த் திரும்புகிறாள் என்று புதன்கிழமையே சொல்லியிருந்தாள். மத்தியானச் சோற்றைப் பிசைந்தபடியே வைரவநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை.

"இப்ப அங்க வெளிக்கிட்டிருக்கும்," என்றார்.

அவருடைய அக்கா பராசக்தி, விதவை, தம்பியின் வீட்டில்தான் இருந்தாள். மீன் துண்டொன்றை அவர் தட்டில் வைத்தாள். "பதினொரு மணிக்கு வெளிக்கிடும் எண்டாய். இப்ப ஒண்டரை."

"எங்கட கடிகாரம் ரெண்டரை மணித்தியாலம் முந்தியல்லோ ஓடுது அக்கா. அங்க பதினொண்டு எண்டா இங்க ஒண்டரை. அஞ்சரைக்கு இறங்கும்."

"இறங்கட்டும். நீ சாப்பிடு."

அக்காவின் இந்த நிதானம் கொஞ்ச நாளாகவே அவருக்குப் பிடிக்கவில்லை. முன்பெல்லாம் அவளும் சேர்ந்துதான் பதறுவாள், விமானம் இறங்கிய செய்தி வரும்வரை சாமி விளக்கை அணையவிடமாட்டாள். இப்போது பிள்ளை வானத்தில் இருக்கும்போது இவள் பாட்டுக்கு உட்கார்ந்து மிளகாய் காம்பு கிள்ளுகிறாள். வயது போகப் போக மனம் கல்லாகிவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

நாலு மணிக்குக் கடல் பக்கம், ஜெராம் திசையில், வானம் கறுத்தது. ஐந்து மணிக்குள் மழை தோட்டத்தின் மேல் கொட்டித் தீர்த்தது. சாதாரண மழையில்லை. செம்பனை மட்டைகள் ஒடிந்து விழுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது. மின்னல் வெட்டும்போதெல்லாம் வைரவநாதன் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கறுப்புக்குள் எங்கோ ஓர் இரும்புப் பறவை வழி தேடுகிறது, அதன் வயிற்றில் தன் பிள்ளை தட்டுகளை அடுக்கிக்கொண்டு நிற்கிறாள் என்று அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஐந்தரை தாண்டியது. விமான நிலையத்துக்கு அழைத்தார். நெடுநேரம் யாரும் எடுக்கவில்லை. எடுத்தவன் மலாயில் அவசரமாகச் சொன்னான்: மெட்ராஸ் விமானம் இன்னும் இறங்கவில்லை, மழையால் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது, பிறகு கூப்பிடுங்கள். ஆறு மணிக்கு மறுபடி அழைத்தார். இன்னும் இறங்கவில்லை. ஆறேகாலுக்கு அழைத்தபோது லைனே கிடைக்கவில்லை.

"மேல சுத்திறதுக்கு எண்ணெய் எவ்வளவு நேரத்துக்குக் காணும்?" என்று தனக்குத்தானே கேட்டவர் சட்டையை மாட்டத் தொடங்கினார்.

பராசக்தி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "எங்க போறாய் தம்பி?"

"சுபாங்குக்கு."

"இந்த மழையிலயோ? அங்க போய் நீ என்ன செய்யப் போறாய்?"

"இஞ்ச இருந்து மட்டும் என்ன செய்யிறன்?"

"தம்பி, அவளுக்கு ஒண்டும் நடக்காது. நான் சொல்லிறன், கேள். போகாதை." அவள் அவருடைய கையைப் பிடித்தாள். வாய் திறந்து இன்னும் எதையோ சொல்ல வந்து மூடிக்கொண்டது. கையை உதறிவிட்டு இறங்கியவர் அதைக் கவனிக்கவில்லை.

புக்கிட் ரோத்தான் சந்தியில் டாக்சி ஓட்டுகிற செல்லையா லயத்தில் பிறந்து வளர்ந்தவர், கிராணி வீட்டு அவசரம் எல்லாவற்றுக்கும் அவருடைய பழைய மெர்சிடிஸ்தான். வண்டி இஜோக் பாதையில் திரும்பியபோது முன்கண்ணாடியில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"கிராணி ஐயா, பயப்படாதீங்கலா. ஏரோபிளேன் ஓட்றவன் நம்மள மாதிரியா? எல்லாம் மிஷின் பாத்துக்கும்."

"கொஞ்சம் வேகமாப் போ செல்லையா."

"இதுக்கு மேல போனா நாமதான் மொதல்ல மேல போவோம்."

வைரவநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. முன்னால் ஒரு செம்பனை லோரி ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. அதை முந்த முடியாமல் மைல் கணக்காகப் பின்னாலேயே போனார்கள். ஆயிரத்து அறுநூறு மைலை நாலு மணியில் கடக்கிறார்கள், இந்த முப்பத்தைந்து மைல் எனக்கு முடியவில்லையே என்று அவர் தொடையில் குத்திக்கொண்டார். சுங்கை பூலோ வந்தபோது மழை சட்டென்று விட்டது. சுபாங்கில் தரை நனைந்து விளக்குகளின் நிறத்தில் மினுங்கியது. வண்டி நிற்குமுன்னே அவர் கதவைத் திறந்துவிட்டார்.

வருகைப் பக்கத்தில் கூட்டம் நெருக்கியடித்தது. அறிவிப்புப் பலகையில் மெட்ராஸுக்கு எதிரே 'இறங்கியது' என்று வந்திருந்தது. அவர் அங்கிருந்த தூணில் சாய்ந்தார். ஒன்றரை மணி நேரத் தாமதம், அவ்வளவுதான். இறங்கிவிட்டது.

ஆனாலும் அவளைக் கண்ணால் பார்க்காமல் போக மனம் வரவில்லை. பயணிகள் மூட்டை முடிச்சுகளோடு வந்து தீர்ந்தபின், சீருடை போட்ட பெண்கள் சின்னப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசிப் பெண்ணும் கடந்து போனாள். சரோஜினி இல்லை.

"அங்கிள்?"

திரும்பினார். நோராய்னி. மகளோடு பறந்த தோழி, இரண்டு வருஷத்துக்கு முன் தீபாவளிக்கு அவளோடு வீட்டுக்கு வந்து, பராசக்தியின் பலகாரத்தைக் கேட்டு வாங்கிப் பொட்டலம் கட்டிக்கொண்டு போன பெண். அவள் முகம் களைத்திருந்தது.

"சரோ எங்கே? வேறு வழியாகப் போய்விட்டாளா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நோராய்னி விழித்தாள். "சரோ மேலே கவுண்டரில் இருப்பாளே அங்கிள். இன்றைக்கு அவளுக்கு சாயங்கால ஷிஃப்ட்."

"கவுண்டரா? அவள் மெட்ராஸ் விமானத்தில்..."

அவளுக்குப் புரிந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "ஆகஸ்டிலிருந்து அவள் பறப்பதில்லை, அங்கிள். உங்களுக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன்."

வைரவநாதன் படியேறினார். புறப்பாட்டுக் கூடத்தில் கவுண்டர்கள் நீளமாக இருந்தன. நாலாவதில் அவள் இருந்தாள். பறக்கிறவர்களின் பூப்போட்ட உடுப்பில்லை, சாதாரண நீலச் சட்டை. ஒரு கிழவரின் பெட்டிக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். கிழவர் ஏதோ கேட்டார். அவள் தலையை முழுக்கத் திருப்பி, வலது பக்கத்தை அவருடைய வாயருகே கொண்டுபோய்க் கேட்டாள். மறுபடியும் ஒரு தடவை கேட்டாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போன தடவை வீட்டுக்கு வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் இவர் ஏதோ சொல்ல, அவள் பேசாமல் இருந்தாள். "அப்பன் கதைக்கிறது காதில விழேல்லையோ?" என்று கத்தினார். அவள் எழும்பி மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். கோபத்தில் இடம் மாறுகிறாள் என்றல்லவா நினைத்தார்.

அவள் நிமிர்ந்தாள். அவரைக் கண்டதும் முகம் வெளுத்தது. பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொல்லிவிட்டு ஓடிவந்தாள்.

"அப்பா! என்ன? அத்தைக்கு ஏதும்...?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. மெட்ராஸ் விமானம் இறங்கேல்லை எண்டாங்கள்."

நாற்காலி வரிசையொன்றில் அவரை இருத்தினாள். தானும் இருந்தாள், அவருடைய இடப்பக்கமாக, வலது காது அவரை நோக்கி இருக்கும்படி. சொல்ல ஆரம்பித்தாள். ஆகஸ்டில் தடிமன் பிடித்து மூக்கடைத்திருந்தது. லீவு போட்டால் பெயர் கெட்டுவிடும் என்று அப்படியே பறந்தாள். திரும்பி வருகையில் விமானம் கீழிறங்க இறங்க இடது காதில் ஊசி ஏற்றுவது போல வலி. வாயைக் கடித்துக்கொண்டு பயணிகளுக்கு வாசலில் வணக்கம் சொல்லி அனுப்பினாள். பிறகு கழுத்தில் ஈரம். தொட்டுப் பார்த்தால் இரத்தம். காதுச் சவ்வு கிழிந்துவிட்டது, இந்தக் காதோடு இனிப் பறக்கக்கூடாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். கீழ் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்த நாளை வைரவநாதன் ஞாபகப்படுத்திப் பார்த்தார். அன்றைக்கு விமானம் சொன்ன நேரத்துக்கு இறங்கியிருந்தது. செய்தி கேட்டு இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டு, நிம்மதியாகப் படுத்தார்.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

அவள் தரையைப் பார்த்தாள். "சொன்னா நீங்கள் சந்தோஷப்பட்டிருப்பீங்கள்."

"என்ன கதை கதைக்கிறாய்?"

"ஓம் அப்பா. நான் அறைக்குள்ள கிடந்து அழேக்க, நீங்கள் கோயிலுக்குப் போய் தேங்காய் உடைச்சிருப்பீங்கள். எனக்கு அதைப் பாக்கேலாது."

அவர் மறுக்க வாயெடுத்தார். முடியவில்லை. சற்று முன் கீழே நோராய்னி அந்தச் சேதியைச் சொன்ன கணத்தில், ஏன் எதற்கு என்று தெரியுமுன்னமே, நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது உண்மை. இனிப் பறக்கமாட்டாள். இனிக் கடல் இல்லை. அதை அவரால் இல்லையென்று சொல்ல முடியாது.

"அதுக்காக மெட்ராஸ் போறன், ஹாங்காங் போறன் எண்டு பொய் சொல்லிறதோ?"

"டெலிபோன் எடுத்தா நீங்கள் வேற என்ன கேக்கிறீங்கள்? எங்க போறாய், எத்தினை மணித்தியாலம். நான் பறக்கேல்லை எண்டா நாங்கள் ரெண்டு பேரும் என்னத்தைக் கதைக்கிறது, சொல்லுங்கோ?" கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். "லைன்ல ஆக்கள் நிக்கினம். எனக்கு எட்டு மணிக்கு முடியும். நீங்கள் வீட்டை போங்கோ."

"நான் நிக்கிறன்," என்றார்.

செல்லையாவைக் கூப்பிட்டுச் சாப்பிட அனுப்பிவிட்டு, அதே நாற்காலியில் இருந்தார். இருந்தார் என்று பேர்தான். எழும்பினார், கண்ணாடிச் சுவர்வரை போனார், ஓடுபாதையில் விமானமொன்று நகர்வதைப் பார்த்தார், திரும்பி வந்தார். விமானத்தின்மேல் இருந்த பயம் போய்விட்டது. ஆனால் உள்ளே நடந்துகொண்டிருந்தது நிற்கவில்லை. இத்தனை நாளாக மெட்ராஸுக்கும் ஹாங்காங்குக்கும் மைல் எண்ணினேன், பிள்ளை ஒரு மணி நேரத் தூரத்தில் ஒற்றைக் காதோடு இருந்திருக்கிறாள் என்ற நினைப்பு இருக்கவிடாமல் அடித்தது.

அன்றைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வீடு திரும்பினார். வாசலில் நின்ற பராசக்தி இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் தலையைக் குனிந்தாள்.

"உனக்குத் தெரியும்," என்றார் வைரவநாதன்.

"தெரியும். சத்தியம் வாங்கிப்போட்டாள். நீ படுகிற பாட்டைப் பாக்கேக்க எத்தினையோ தரம் வாய்வரைக்கும் வந்தது." பிறகு கொஞ்சம் சூடாகவே கேட்டாள்: "அவள் தலையைச் சரிச்சுச் சரிச்சுக் கேக்கிறதைக் கண்ட எனக்கு விளங்கிச்சுது. உனக்கு ஏன் விளங்கேல்லை?"

அக்காவிடம் கோபிக்க வேண்டும் என்று கொண்டுவந்ததெல்லாம் அந்தக் கேள்வியில் கரைந்துபோயிற்று.

டிசம்பரில் கோலாலம்பூரில் ஒரு காது வைத்தியரிடம் போனார்கள். கூட வருகிறேன் என்று அவரேதான் கேட்டார், அவள் வேண்டாமென்று சொல்லவில்லை. வைத்தியர் ஒரு சீனர், மெதுவாகப் பேசுகிறவர். கருவியை வைத்து நெடுநேரம் பார்த்தார். இது தானாக மூடாது, ஆனால் சின்ன ஆப்பரேஷன் செய்து சவ்வு ஒட்டலாம் என்றார். கேட்கும் திறன் பெரும்பாலும் திரும்பிவிடும். நன்றாக ஆறி, கம்பெனி டாக்டரும் ஒத்துக்கொண்டால் மறுபடி பறக்கலாம். செய்யாமல் விட்டாலும் கீழே வேலை பார்க்க இடைஞ்சல் இல்லை, தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். அவசரமில்லை, யோசியுங்கள்.

சரோஜினி கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "யோசித்துச் சொல்கிறேன்" என்றாள் ஆங்கிலத்தில். அப்பாவின் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கப் பாடுபடுகிறாள் என்று வைரவநாதனுக்குத் தெரிந்தது.

அவசரமில்லை என்ற சொல் அவருக்குள் இனித்தது. ஆமாம், அவசரமில்லை, கிடக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் அதைத் தட்டமாட்டாள் என்றில்லை, ஆனால் தயங்குவாள். தயக்கம் வருஷமாகும். வருஷம் போனால் யாரும் அவளைத் திரும்ப எடுக்கமாட்டார்கள். வாழ்நாள் முழுக்க இரவு நிம்மதியாகத் தூங்கலாம். அவர் கை இரண்டும் வேர்த்தன. வேட்டியென்றால் துடைத்திருப்பார், கால்சட்டையில் தேய்த்துக்கொண்டார்.

"டாக்டர், எப்போது செய்யலாம்?" என்று கேட்டது தன் குரல்தானா என்று அவருக்கே ஐயம் வந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். வெளியே வந்து மாடிப்படியில் இறங்கும்போது கேட்டாள்: "உங்களுக்கு உண்மையா விருப்பமோ அப்பா?"

"விருப்பமில்லை," என்றார். "ஒரு துளியும் விருப்பமில்லை. அதுக்காக நீ காது கேளாமல் இருக்கோணுமோ?"

அவள் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் முன்னால் சிரித்தாள்.

பொங்கல் கழிந்து ஆப்பரேஷன் நடந்தது. அறைக்கு வெளியே அவர் நடந்த நடையைப் பார்த்த நர்ஸ், ஐயா உட்காருங்கள் என்று இரண்டு தடவை வந்து சொன்னாள். ஆறுவதற்கு மாதங்கள் ஆயின. ஒருமுறை சீழ் பிடித்து எல்லாம் வீணாகிவிட்டதென்று நினைத்தார்கள், பிறகு சரியானது. இதற்கிடையில் தொலைபேசியில் பேசுவதற்கு அவர்களுக்கு வேறு விஷயங்கள் கிடைத்தன. கவுண்டரில் சண்டை போட்ட பயணி, தோட்டத்துக்கு வந்த புது மேனேஜர் துரையின் நாய், அத்தையின் முழங்கால். முதலில் கல் உடைப்பது போலிருந்தது. பிறகு பழகிவிட்டது.

ஜூலையில் அவளை மறுபடி பறக்க அனுமதித்தார்கள். முதல் பயணம் பினாங்குக்கு, காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவது. அன்றைக்கு வைரவநாதன் ஆபீஸுக்கு லீவு போட்டார். முக்கால் மணிப் பறப்புதான். அந்த முக்கால் மணியில் முற்றத்துப் புல் தேயும்படி நடந்தார். பராசக்தியும் சாமி விளக்கை ஏற்றிவிட்டு ஜன்னலோரம் வந்து நின்றாள்.

தொலைபேசி அலறியது.

"அப்பா, பினாங்கில நிக்கிறன். காசு போடுற போன், கெதியா முடியும்."

"காது என்ன சொல்லுது?"

"இறங்கேக்க கொஞ்சம் அடைச்சுது. பயந்திட்டன். சூயிங்கம் போட்டு மெண்டன், விட்டிட்டுது. ரெண்டு பக்கமும் கேக்குது அப்பா! கேளுங்கோ, ஒரு சீனக் கிழவர் கூடையில உயிர் நண்டு கொண்டுவந்து, அதில ஒண்டு கழண்டு சீட்டுக்குக் கீழ ஓடி, நான் குனிஞ்சு தேடி..."

லைன் அறுந்தது. நண்டுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. வைரவநாதன் ரிசீவரை வைத்துவிட்டு அக்காவிடம் விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போதே சிரிப்பு வந்தது.

சாயங்காலம் அவள் திரும்பிப் பறக்க வேண்டும். கடல் பக்கம் வானம் வெளுப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று முற்றத்தில் இறங்கினார்.